‘அவுக வந்தாத்தான போடணும்?’ – கருத்தடை மாத்திரை பொய்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பெண் தனி ஒருவர் அல்ல. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பீடி சுற்றும் வீடுகளில் நடக்கக்கூடிய தவறுகளை ஒருவர்மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். அடையாளம் மறைப்பது ஒரு காரணம். ஒரு தவறு அடுத்த தவறுக்கு எப்படிக் கதவு திறந்துவிடுகிறது என்பது தொடராகப் பார்த்தால்தான் விளங்கும் என்பது இன்னொரு காரணம். மருந்தின் அளவுகளும் சட்ட விவரங்களும் உள்ளது உள்ளபடியே.

வந்தபோது இருந்த நிலை

வயது 24. ஒரே குழந்தை, 11 மாதம், இன்னும் பால்குடி மறக்கவில்லை. 108 வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 90/60, காய்ச்சல் 101 டிகிரி, ஹீமோகுளோபின் 6.8 கிராம். ஒன்பது நாளாக ரத்தப்போக்கு. கடைசி இரண்டு நாள் கட்டி கட்டியாகப் போயிருக்கிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்பதால்தான் வந்தார்கள்.

கூட வந்த மதினி சொன்னது, “தீட்டு நிக்கமாட்டேங்கு டாக்டர்” என்று மட்டும். மாத்திரை சாப்பிட்ட சேதி வெளியே வர அரை மணி நேரம் ஆனது. செவிலியர் திரையை இழுத்துவிட்டு, மதினியை மருந்துச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, “யாரும் உன்னை வைய மாட்டோம்மா. என்ன மாத்திரை, எத்தனை போட்டேன்னு தெரிஞ்சாத்தான் சரியா வைத்தியம் பாக்க முடியும்” என்றபிறகு முந்தானை முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே காலி மாத்திரை அட்டை. ஒரு பெரிய குழி, நான்கு சின்னக் குழி. கருக்கலைப்பு மாத்திரைத் தொகுப்பு என்று பார்த்த உடனே தெரிந்தது.

ஸ்கேனில் கருப்பைக்குள் மிச்சத் திசு. முழுமையடையாத கருக்கலைப்பு, கூடவே கிருமித் தொற்று. நரம்பு வழி கிருமிக்கொல்லி தொடங்கி, இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, கையால் இயக்கும் உறிஞ்சு கருவியால் கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். ரத்தப் பிரிவு ஆர்.எச். பாசிட்டிவ். நெகட்டிவாக இருந்திருந்தால் தாயின் ரத்தம் அடுத்த கருவின் ரத்தத்தைத் தாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்பட்டிருக்கும். கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அந்த ஊசியை யாரும் நினைவூட்டுவதில்லை. அடுத்த குழந்தைதான் அதற்கு விலை கொடுக்கும். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

உயிர் பிழைத்த கதை இவ்வளவுதான். கருத்தடை மாத்திரை வீட்டிலேயே இருந்த ஒரு பெண் இந்தக் கட்டில்வரை எப்படி வந்தார் என்பதே இந்த ஆய்வின் விஷயம்.

முதல் சறுக்கல்: பால் கொடுத்தால் உண்டாகாது

பிரசவம் அரசு மருத்துவமனையில், சுகப்பிரசவம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி (கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம், ஊரில் ‘லூப்பு’) வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே சொன்னார்கள். மாமியார் மறுத்தார். “லூப்பு நெஞ்சுக்கு ஏறிரும்” என்பது இந்தப் பக்கத்தில் பழைய பயம். கருப்பை மேல்பக்கம் மூடிய பை; அதிலிருந்து நெஞ்சுக்குப் பாதை கிடையாது. பொருத்தும்போது கருப்பைச் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் நடக்கக்கூடியது. பிரசவத்தை ஒட்டி வைத்தால் தானாக நழுவி வெளியே வந்துவிடும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். இந்த இரண்டையும் ஒளிக்காமல் சொல்லி, ஆறாவது வாரம் வந்து காப்பர்-டியின் நூலைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் மாமியார் கேட்டிருக்கவும் கூடும். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது” என்ற ஒற்றை வரி பயத்தைப் போக்காது.

பிறகு வந்த நம்பிக்கை தாய்ப்பால். அது பொய்யில்லை, நிபந்தனை உள்ள உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அது காக்கும். ஒன்று போனாலும் கணக்கு முறிந்தது. இந்த வீட்டில் ஐந்தாம் மாதமே கேப்பைக்கூழ் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கே அந்தப் பாதுகாப்பு முடிந்துபோனது. யாருக்கும் தெரியாது.

மாதவிலக்கு வந்த பிறகுதான் கரு தங்கும் என்று நினைப்பதும் தவறு. முட்டை முதலில் வெளியேறும். மாதவிலக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். “குளிக்காமலே உண்டாயிட்டா” என்று ஊரில் சொல்வார்களே, அது இதுதான்.

இரண்டாவது சறுக்கல்: மாத்திரையை விருந்தாளிபோல நடத்தியது

புதன்கிழமைத் தடுப்பூசி நாளில், குழந்தைக்கு ஆறரை மாதமானபோது, மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை மூன்று அட்டை கிடைத்தது. கொடுத்த நேரம் சரி. தாய்ப்பால் கொடுப்பவர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை ஆறு மாதத்துக்கு முன் தொடங்கக் கூடாது. கொடுத்த மருந்தும் சரி. “தினம் ஒண்ணு போடும்மா” என்று சொல்லவும் செய்தார்கள். சொல்லாமல் விட்டது, தினம் என்றால் என்ன என்பதை.

கணவர் கேரளத்தில் பலசரக்குக் கடையில் வேலை. ஆறு, ஏழு வாரத்துக்கு ஒருமுறை வந்து நாலைந்து நாள் இருப்பார். கோயில் கொடைத் திருவிழா என்றால் கட்டாயம் வருவார். அந்தப் பெண்ணுக்கு நியாயமாகத் தோன்றியது இது: “அவுக வந்தாத்தான போடணும்? ஆளில்லாத நாள்ல எதுக்குப் போட்டு உடம்பக் கெடுக்கணும்?”

இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. தலைவலி மாத்திரையைத் தலைவலி வந்தால் போடுகிறோம், காய்ச்சல் மாத்திரையைக் காய்ச்சலுக்குப் போடுகிறோம். தேவைப்படும்போது சாப்பிடுவதுதான் மாத்திரை என்று பழகிய மனதுக்கு, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத நாளில் சாப்பிடும் மாத்திரை புரியாது, அதன் வேலையை விளக்கினால் தவிர.

வேலை இது. மாலா-என் வெள்ளை மாத்திரை ஒவ்வொன்றிலும் 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மி.கி. எத்தினைல் ஈஸ்ட்ராடயால் இருக்கிறது. இவை மூளைக்குப் போய், முட்டைப்பையை எழுப்பும் சமிக்ஞையை அடக்குகின்றன. ஒரு மாத்திரையில் அது அடங்காது. ஏழு நாள் விடாமல் போட்டால்தான் முட்டைப்பை உறங்கப் போகும். உறங்கிய பிறகும் தினமும் ஒன்று போய்க்கொண்டிருந்தால்தான் விழிக்காமல் இருக்கும். 28 மாத்திரையில் 21 வெள்ளை. மிச்சம் ஏழும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் மாதவிலக்கு போலக் கொஞ்சம் படும். முடிந்த மறுநாளே அடுத்த அட்டை, இடைவெளி கிடையாது.

ஆக, கணவர் வந்த ஐந்து நாளும் ஐந்து மாத்திரை போட்டால் முட்டைப்பை அரைத்தூக்கம்கூடத் தூங்கியிருக்காது. முதல்முறை, கொடைக்கு வந்தபோது அவர் செய்தது அதுதான். கணவர் பேருந்து ஏறிய மூன்றாம் நாள் ரத்தம் பட்டது. மாத்திரையை நிறுத்தியதால் வந்த ரத்தம் அது. “நல்லாத்தான் வேலை செய்யுது” என்று அவர் எடுத்துக்கொண்டார். தற்செயலாகத் தப்பியதை மருந்தின் வெற்றி என்று நம்பியது, அடுத்த முறையும் அதையே செய்யவைத்தது.

உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் சரியாகச் சாப்பிடும் 1000 பெண்களில் வருடத்துக்கு மூன்று பேருக்குக் கரு தங்கும். நடைமுறையில், மறதியும் குழப்பமும் சேர்ந்து, 100-க்கு 7 பேருக்குத் தங்குகிறது. மாத்திரை இரண்டிலும் ஒன்றே. வித்தியாசம் முழுக்கச் சாப்பிடும் விதத்தில். காப்பர்-டியில் இந்த வித்தியாசம் இல்லாத அளவுக்குச் சிறியது. வைத்துவிட்டால் நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆணுறையில் அது 100-க்கு 2-லிருந்து 13. மூன்று மாதக் கருத்தடை ஊசியில் நடைமுறைக் கணக்கு 4.

மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒன்று விட்டால், நினைவு வந்த உடனே அதைப் போட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் சரி. இரண்டோ அதற்கு மேலோ விட்டால், உடனே ஒன்று, பிறகு தினம் ஒன்று, ஏழு நாளைக்கு ஆணுறை. மூன்றாம் வாரத்தில் அப்படி விட்டால், மிச்ச வெள்ளை மாத்திரைகளை முடித்து, இரும்பு மாத்திரைகளைத் தொடாமல், நேரே புது அட்டைக்குப் போய்விட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தட்டு கழுவும் நேரம், பீடித் தட்டை எடுத்துவைக்கும் நேரம் என்று தினமும் தவறாத ஒரு வேலையோடு மாத்திரையைக் கட்டிவைத்தால் மறதி குறையும்.

பீடி வட்டாரம் என்பதால் இடையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காசநோய்க்கு மருந்து சாப்பிடும் பெண்ணுக்கு மாலா-என் கொடுக்கக் கூடாது. அந்த மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின்தான் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது. அதுவே கல்லீரலை முடுக்கிவிட்டு, கருத்தடை ஹார்மோனை வேலை செய்யும் முன்பே கரைத்துவிடும். தவறாமல் சாப்பிட்டாலும் பொய்க்கும். காப்பர்-டிக்கும் மூன்று மாத ஊசிக்கும் இந்தத் தொல்லை இல்லை. காசநோய் மருந்தை முடித்த பிறகும் நான்கு வாரம் பொறுத்தே மாத்திரைக்குத் திரும்பலாம்.

மூன்றாவது சறுக்கல்: தேடிப் போன மருந்து பெட்டியிலேயே இருந்தது

அடுத்த தடவை கணவர் சொல்லாமல் வந்தார். முதல் இரண்டு இரவும் மாத்திரை போடவில்லை. மூன்றாம் நாள் பயம் வந்து, டவுனுக்குப் போகும் தெரிந்த பெண்ணிடம் சொல்லி மருந்துக் கடையில் அவசர மாத்திரை கேட்கச் சொன்னார். இல்லை என்று பதில்.

இது தமிழ்நாட்டுக்கே உள்ள நிலைமை. 1.5 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய விதி இருக்கிறது. எனினும் பல வருடமாக நம் மாநிலத்து மருந்துக் கடைகள் பெரும்பாலும் அதை வைப்பதில்லை. அதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைக்கும் குழப்பம் பரவலாக உண்டு. அது முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடும் மருந்து. தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. கருவைத் தடுக்கும் மாத்திரை எட்டாமல், கருவைக் கலைக்கும் மாத்திரை சீட்டில்லாமல் கைக்கு வந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் மிகக் கொடுமையான பகுதி.

அன்றைக்கு அவருக்கு மூன்று வழி இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ அவசர மாத்திரை கேட்பது ஒன்று. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போட வேண்டும். இரண்டாவது, ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வது. இருப்பதிலேயே மிக உறுதியான அவசர வழி இதுதான், மேற்கொண்டு பத்து வருடத்துக்கும் கவலையில்லை. மூன்றாவது வழி அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. மாலா-என் வெள்ளை மாத்திரை நான்கு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னும் நான்கு. குமட்டல் அதிகம், பலனும் தனி அவசர மாத்திரையைவிடக் குறைவு. ஆனாலும் வேறெதுவும் கிடைக்காத இடத்தில் பல காலமாகப் பயன்பட்ட முறை. அவர் போட்டது, மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒன்றாக நான்கு.

நான்காவது சறுக்கல்: வாரக் கணக்கும் ஐந்து மாத்திரையும்

நாள் தள்ளிப்போனது. பால் கொடுப்பதால் தள்ளுகிறது என்று ஒரு மாதம் போனது. பிறகு கார்டில் இரண்டு கோடு. கணவர் வந்துபோய் எட்டு வாரம் ஆகிறது என்பதால் எட்டு வாரக் கரு என்று கணக்குப் போட்டார். மருத்துவத்தில் கருவின் வயதைச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம் வித்தியாசம். அந்தக் கணக்கில் பத்து வாரம் தாண்டியிருந்தது. மாத்திரை முறைக்கு இங்கே விதி அனுமதிக்கும் எல்லை ஒன்பது வாரம்.

மதினி மூலம், சீட்டு இல்லாமல், பெயர் எழுதாத காகித உறையில் மாத்திரை வந்தது. கொடுத்தவர் சொன்னது ஒரே வரி: “எல்லாத்தையும் ராத்திரி போட்டுரச் சொல்லு.” ஐந்தையும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்து விழுங்கினார்.

பெரிய மாத்திரை மிஃபெப்ரிஸ்டோன், 200 மி.கி. கருவைத் தாங்கும் ஹார்மோனை அது முறிக்கும். கருப்பையை அடுத்த மருந்துக்குத் தயார் செய்யும். தயாராக 36 முதல் 48 மணி நேரம் ஆகும். அதன் பிறகே சின்ன மாத்திரை நான்கும், ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைப்பது போன்ற வழிகளில் மருத்துவர் சொல்கிறபடி எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போனதால், கருப்பை தயாராகும் முன்பே மிசோப்ரோஸ்டாலின் வேகம் அடங்கிவிட்டது. வாரமும் கூடுதல். கரு கழன்றது, முழுதாக வெளியே வரவில்லை. மிச்சம் உள்ளே கிடந்து ரத்தத்தை நிற்கவிடாமல் செய்தது, பிறகு கிருமி பிடித்தது.

தடித்த நாப்கின் மணிக்கு இரண்டு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் அதை மாதவிலக்கு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108. காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, மயக்கம் ஆகியவையும் அப்படியே. ஒரு பக்கமாக அடிவயிறு குத்தி வலித்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். இந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும். ஸ்கேனோ மருத்துவரின் பரிசோதனையோ முதலில் வேண்டும் என்பது சடங்குக்காகச் சொல்வதில்லை.

அரசு மருத்துவமனைக்கு ஏன் முதலிலேயே போகவில்லை? “வீட்டுக்காரர் கையெழுத்துக் கேப்பாக” என்றார். கேட்கக் கூடாது. 1971-ஆம் வருட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருத்தடை பொய்த்ததால் தங்கிய கருவை 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைக்கலாம். மணமானவர், ஆகாதவர் என்ற பேதம் இந்த விதியில் எடுக்கப்பட்டது. பெண்ணின் பெயரை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம்வரை உள்ள பிரிவுகளில் சம உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணமும் இல்லை. இந்த விவரங்களில் ஒன்று தெரிந்திருந்தால்கூட அந்தக் காகித உறை அந்த வீட்டுக்குள் வந்திருக்காது.

வீடு திரும்பும் முன் எடுத்த முடிவு

கருக்கலைந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி முட்டை வெளியேறலாம். அதனால் கருத்தடையைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று அனுப்ப முடியாது. காப்பர்-டிதான் முதலில் பேசப்பட்டது. ஆனால் கருப்பையில் தொற்று இருக்கும்போது அதை வைக்கக் கூடாது. குணமாகி வந்த பிறகே. எனவே அந்தரா என்ற மூன்று மாதக் கருத்தடை ஊசி. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 150 மி.கி., தசையில். தொற்று தடை இல்லை, தாய்ப்பாலும் தடை இல்லை, ரத்தசோகை உள்ளவருக்குப் பெரும்பாலும் நல்லதே செய்யும்.

குப்பியை நன்றாகக் குலுக்கி எடுக்க வேண்டும், மருந்து அடியில் படிந்திருக்கும். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. தேய்த்தால் மூன்று மாதம் மெல்லக் கரைய வேண்டியது சீக்கிரம் கரைந்துவிடும். ஊசி போட்ட கையைத் தேய்த்துவிடுவது நம் ஊரில் பாசத்தோடு செய்யும் பழக்கம் என்பதால் இதை மாமியாரிடமும் சொல்லியாக வேண்டும். அடுத்த ஊசி மூன்று மாதத்தில். 14 நாள் முன்பும் போடலாம், 28 நாள் பிந்தியும் போடலாம்.

அந்தராவை விட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில் ஓடுகிறார்கள். காரணம், ரத்தம் விட்டுவிட்டுப் படுவது, அல்லது அடியோடு நின்றுபோவது. “தீட்டு உள்ளேயே தங்கி விஷமாயிரும்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். கருப்பையின் உள்படலம் வளராததால் வெளியேற ஒன்றுமில்லை, அதனால்தான் நிற்கிறது, எதுவும் தங்கவில்லை. இதை ஊசிக்கு முன்பே சொல்லியிருந்தால் அது எதிர்பார்த்த மாற்றம். பின்னால் சொன்னால் சமாதானம் போலத்தான் கேட்கும். நிறுத்திய பிறகு மறுபடி கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இது ஏற்ற முறை அல்ல.

ஊசி வேண்டாம் என்பவருக்குச் சாயா இருக்கிறது. லக்னோவில் நம் நாட்டு ஆய்வகத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத மாத்திரை. மாதவிலக்கின் முதல் நாள் தொடங்கி, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு. தொடங்கியது ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும், திங்கள் என்றால் திங்களும் வியாழனும். நான்காம் மாதத்திலிருந்து தொடங்கிய கிழமையில் மட்டும் ஒன்று. ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. வெள்ளி, செவ்வாய் என்று கிழமை பார்த்தே வாழும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு தினக் கணக்கைவிட எளிதாகப் பிடிபடும்.

கணவரிடம் பேசியது தொலைபேசியில். ஆணுறை பற்றி அவருக்குத் தெரியும் என்றார். கேட்டுப் பார்த்ததில் பாதிதான் தெரிந்தது. உறையைப் பல்லால் கிழிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு, தொடக்கத்திலேயே, அடிவரை உருட்டிவிட வேண்டும். விறைப்பு தளரும் முன் அடி வளையத்தைப் பிடித்தபடி வெளியே எடுக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று இரண்டு போட்டால் உராய்ந்து கிழியும். மணிபர்ஸில் மாதக்கணக்கில் வைத்தால் உடல்சூட்டில் ரப்பர் நொய்ந்துபோகும். இந்தப் பக்கத்தில் அவசியம் சொல்ல வேண்டியது தேங்காய் எண்ணெய்: அது பட்ட சில நிமிடத்திலேயே ரப்பர் உறுதி இழக்கும். வழவழப்பு வேண்டுமானால் எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட களிம்பு மட்டும். எச்.ஐ.வி., மேகநோய் போன்றவற்றைத் தடுப்பது இவற்றில் ஆணுறை ஒன்றுதான். ஊசியோ மாத்திரையோ காப்பர்-டியோ அதைச் செய்யாது.

குடும்பம் நிறைந்த பிறகு ஆண்கள் செய்துகொள்ளும் தழும்பில்லாக் கருத்தடைச் சிகிச்சையையும் சொன்னார்கள். சில நிமிட வேலை, வயிற்றைத் திறப்பதில்லை. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும்வரை ஆணுறை வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாடு முழுதும் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.3 சதவீதம். ஆணின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேறு வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தால்?

இந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர், வணிகவியல் பிரிவு. நம் பாடத்திட்டத்தில் கருத்தடை முறைகள் விரிவாக வருவது பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில், இனப்பெருக்க நலன் என்ற பாடத்தில். உயிரியல் எடுத்தவருக்கு அது மதிப்பெண் பாடம். வணிகவியல் எடுத்தவருக்கும் பத்தோடு நின்றவருக்கும் அந்தப் பக்கமே கிடையாது. பெரும்பாலும் சீக்கிரம் மணமாகிறவர்கள் இந்த இரண்டாம் கூட்டத்தார்தான்.

பாலியல் கல்வி வேண்டுமா என்ற சண்டை நமக்குப் புதிதல்ல. கருத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பெரியார் 1930-களிலேயே எழுதினார். 1986-இல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது; பின்னாளில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விழிப்புணர்வு விளம்பரமாகச் சுவரெல்லாம் கேட்டார்கள். 2005-இல் மணத்துக்கு முந்தைய உறவில் பாதுகாப்பு வேண்டும் என்று பேசியதற்காக நடிகை குஷ்பு மேல் தமிழ்நாடெங்கும் வழக்குகள். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தபோது 2007-இல் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. 2009-இல் மாநிலங்களவை மனுக்கள் குழுவும் எதிர்த்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முழுமையான பாலியல் கல்வி தேவை என்று சொன்னது.

“படிச்சுக் குடுத்தாத்தான் பிள்ளைய கெட்டுப்போகும்” என்ற பெற்றோரின் பயத்துக்குப் பதில் இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி, இந்தக் கல்வியால் பாலுறவு கூடுவதில்லை என்று சொல்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை என்ற எதிர்ப்பை மட்டும் நாம் அப்படித் தள்ள மாட்டோம். கூச்சத்தோடு பக்கத்தைப் புரட்டிவிட்டு, “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் வகுப்பு, இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதைத்தான் கற்றுக்கொடுக்கும். பயிற்சி கொடுப்பதே அதற்கு வழி. பாடத்தை எடுப்பது அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் எந்த உறவையும் குற்றம் என்கிறது. அந்த வயதினருக்கு அந்தச் சட்டமும் பாடத்தில் வர வேண்டும்.

ஆனால் பள்ளியை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பெண் தப்பியிருக்க மாட்டார். பிரசவத்திலிருந்து மட்டும் ஐந்து தடவை சுகாதாரத் துறை அவரை நேரில் சந்தித்திருக்கிறது: பிரசவ வார்டு, ஆறாவது வாரம், பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசி, மாலா-என் கொடுத்த புதன்கிழமை. ஒருமுறைகூட “வீட்டுக்காரர் எங்க வேலை பாக்காக? எப்ப எப்ப வருவாக?” என்று கேட்கவில்லை. கேரளத்திலும் மும்பையிலும் வளைகுடாவிலும் ஆண்கள் வேலை பார்க்கும் வட்டாரத்தில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்கு வரும் பதிலைப் பார்த்தாலே மாலா-என் இவருக்கு உகந்ததல்ல, அந்தராவோ காப்பர்-டியோதான் என்று தெரிந்திருக்கும். இரண்டாவது வேலை, சொன்னதைத் திரும்பச் சொல்லவைப்பது. “நான் சொன்னது புரிஞ்சுதா?” என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்காரர் ஊர்ல இல்லாத நாள்ல என்னம்மா செய்வே?” என்று கேட்டிருந்தால், தவறு அந்தப் புதன்கிழமையே அந்த மேசையிலேயே தெரிந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்.

இரண்டாவது ஊசிக்கு அவர் ஒன்பது நாள் பிந்தி வந்தார். கொடை வேலை என்றார். 28 நாளுக்குள்தான் என்பதால் பரிசோதனை எதுவும் தேவைப்படாமல் ஊசி போட்டார்கள். கையைத் தேய்க்க வந்த மாமியாரை அவரே தடுத்தார். மூன்று மாதமாகத் தீட்டே வரவில்லை என்பதையும் அவரே சொல்லி, “உள்ள ஒண்ணும் தங்காதுல்லா சிஸ்டர்?” என்று உறுதி செய்துகொண்டார். கூட ஓர்ப்படியாள் வந்திருந்தாள், கைக்குழந்தையோடு. அவள் வீட்டுக்காரர் மும்பையில்.